கப்பல் கணக்கு: முக்கோணமா, கூறுகளா?

ஒரு கப்பல் துறைமுகத்திலிருந்து நேர் கிழக்கே 60 கி.மீ. போகிறது. அப்புறம் திரும்பி, 030° திசைகோளில் 40 கி.மீ. போகிறது. இப்போது துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை? திசைகோள் என்பது வடக்கிலிருந்து கடிகாரம் சுற்றும் வாக்கில் அளக்கும் கோணம்.

இதை இரண்டு விதமாகப் போடலாம். முக்கோணம் வரைந்தால், கப்பல் திரும்பிய இடத்தில் உட்கோணம் 120°. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் தெரிந்தால் மூன்றாம் பக்கத்தைத் தரும் கொசைன் சூத்திரப்படி 3600 + 1600 + 2400 = 7600; வர்க்கமூலம் 87.2 கி.மீ. பிறகு பக்கங்களையும் எதிர்க்கோணங்களையும் இணைக்கும் சைன் சூத்திரம், துறைமுகத்தில் உள்ள கோணம் 23.4° என்று தரும். அதை 90°-இலிருந்து கழித்தால் திசைகோள் 066.6°.

வெக்டர் கூறுகளாக, அதாவது ஒவ்வொரு நகர்வையும் கிழக்குப் பங்கு, வடக்குப் பங்கு என்று பிரித்தால், கிழக்கே 60 + 40 சைன் 30° = 80, வடக்கே 40 கொசைன் 30° = 34.6. விடை அதேதான். வேலையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கப்பல் இன்னொரு முறை திரும்பி, 315°-இல் 20 கி.மீ. போனால்தான் வித்தியாசம் தெரியும். முக்கோணக்காரர் இரண்டாவது முக்கோணம் வரைந்து, புதுக் கோணம் தேடி, இரண்டு சூத்திரங்களையும் மறுபடி போட வேண்டும். கூறுகளில் கிழக்கிலிருந்து 14.1 கழித்து, வடக்கில் 14.1 கூட்டினால் போதும்: 65.9, 48.8, தூரம் சுமார் 82 கி.மீ. மூன்று கட்டப் பயணம் என்றாலே நான் யோசிக்காமல் கூறுகளைத்தான் எடுப்பேன்.

ஆனால் கூறுகளில் ஒரு குழி உண்டு. வழக்கமான வரைபடத்தில் கோணம் கிழக்கிலிருந்து தொடங்கும், திசைகோளோ வடக்கிலிருந்து. அதனால் இங்கே கிழக்குக்கு சைன், வடக்குக்கு கொசைன். பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டுவிட்டு, மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. முக்கோண முறையிலும் குழி இருக்கிறது: சைன் 70°-உம் சைன் 110°-உம் ஒன்றே, எது நம் கோணம் என்று சூத்திரம் சொல்லாது.

சரி, காற்றுக் கணக்குக்கு வருவோம். விமானம் 070° திசையில் உள்ள ஊருக்குப் போக வேண்டும். காற்றில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ. 220°-இலிருந்து 50 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. விமானத்தின் மூக்கை எங்கே திருப்புவது?

இங்கே வடக்கு, கிழக்கு என்று பிரித்தால் மூக்கின் திசையும் தரைவேகமும் (தரையைப் பொறுத்த வேகம்) இரண்டு சமன்பாடுகளிலும் சிக்கிக்கொள்ளும். முக்கோணம் நேராகப் போகிறது. காற்று போவது 040° நோக்கி (‘இருந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள்), பாதையோடு அதன் கோணம் 30°. சைன் சூத்திரத்தில் 50 × 0.5 ÷ 200 = 0.125, அதாவது 7.2°. காற்று இடப்பக்கம் தள்ளுவதால் மூக்கு வலப்பக்கம், 077.2°. விமானிப் பயிற்சியில் பயன்படும் இ6பி என்ற கைக்கருவியின் காற்றுப் பக்கமும் இதே முக்கோணத்தைத்தான் வரைந்து காட்டுகிறது.

கூறுகளை விட மனமில்லாதவர்கள் அச்சைப் பாதையின் மேலேயே வைக்கலாம். குறுக்கே தள்ளும் காற்று 25. மூக்கைப் பாதையிலிருந்து திருப்பும் கோணம் θ என்றால், 200 சைன் θ அதை ஈடுகட்ட வேண்டும். தரைவேகம் 200 கொசைன் θ + 50 கொசைன் 30°, அதாவது 198.4 + 43.3 = 241.7. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் பாடத்தில் இதை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

அளவுகோல் வைத்து வரைவது துல்லியத்தில் பின்தங்கும். ஆனாலும் எந்த முறையானாலும் முதலில் ஒரு படம் போடுங்கள். மூக்கு வலமா இடமா என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.