ஊர் சுற்றும்போது காதில் என்ன ஓடட்டும்? சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

வெளிநாட்டு நகரத்தில் சும்மா நடந்து திரிவதற்குப் பாட்டு தேடும்போது கை முதலில் போவது அந்த ஊர்ப் பாட்டுக்குத்தான். லிஸ்பன் என்றால் ஃபாடோ, புவனோஸ் ஐரிஸ் என்றால் டாங்கோ. இப்படிக் கேட்டுப் பார்த்ததில் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஃபாடோ சின்ன அறையில், விளக்கைக் குறைத்துவிட்டு, எல்லோரும் பேச்சை நிறுத்தி உட்கார்ந்து கேட்கிற இசை. லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமா மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே கேட்டால் பாட்டும் கெடுகிறது, மேடும் குறைவதில்லை. டாங்கோ இருவர் ஆடுவதற்காக வளர்ந்தது. சட்டென்று நிற்கும், சட்டென்று பாயும். தனியாக நடக்கிறவன் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஊர் இசையை அந்த ஊரில் நேரில் கேட்பதே மேல். இரவில் அதற்கென்று ஓர் இடம் கிடைக்காமலா போகும்?

பழகிய பிடித்த பாட்டுகளும் இதற்கு ஆகாது. அவற்றில் ஏற்கெனவே கல்லூரியும் காதலும் பேருந்துப் பயணங்களும் குடியேறிவிட்டன. புதுத் தெருவுக்கு அங்கே இடம் இல்லை. கண் முன்னால் ஒரு நகரம் இருக்கும், மனம் மட்டும் வேறெங்கோ உலாவிக்கொண்டிருக்கும்.

பல பயணங்களாக எனக்குச் சரிப்பட்டு வருவது இதுதான்: ஊருக்கு ஓர் ஆல்பம், அதுவும் முன்பு கேட்காதது. கிளம்புவதற்கு முன் இரண்டு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, தாங்கும் என்று தெரிந்தால் இறக்கி வைத்துக்கொள்கிறேன். முழுதாகக் கேட்பது அங்கே போய்த்தான். நாலு நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு நடந்தால் தெருவும் இசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பின்னாளில் மூன்றாவது டிராக்கைப் போட்டால், படிக்கட்டுத் திருப்பம், ஈரச் சுவர், மூடிய ஜன்னல் எல்லாம் வரிசையாக வருகின்றன. திரும்பி வந்த பிறகு அதை அடிக்கடி போட்டால் இந்தப் பிணைப்பு தேய்ந்துவிடும். சமையல் செய்யும்போதும் வண்டி ஓட்டும்போதும் கேட்க ஆரம்பித்தால் அது சமையலறைப் பாட்டாகிவிடும். அதனால் நான் கஞ்சத்தனமாகத்தான் போடுகிறேன்.

வார்த்தை உள்ள பாட்டா, வெறும் வாத்தியமா? வாத்தியம்தான். புரிகிற மொழியில் பாட்டு ஓடினால், பெயர்ப்பலகையைப் படிப்பதும் வழி கேட்பதும் தடுமாறுகின்றன. புரியாத மொழிப் பாட்டு பரவாயில்லை, குரலும் ஒரு வாத்தியமாகிவிடும்.

அப்புறம் தாளம். சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 120 அடி. அதே வேகத்தில் தாளம் தட்டுகிற பாட்டு வந்தால் கால் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும். ரயிலைப் பிடிக்கப் போகும்போது நல்லது. சுற்றித் திரியும்போது கெடுதல்: எதிரில் நல்ல சந்து வந்தாலும் கால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். மெதுவான, தாளம் அழுத்தாத இசையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இரைச்சல் நீக்கும் வகை விமானத்துக்கும் மெட்ரோவுக்கும் அருமை. இன்ஜின் இரைச்சல் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியைத்தான் அது நன்றாக அமுக்குகிறது. தெருவில் அதே திறமைதான் ஆபத்து. வாகனங்கள் வலப்பக்கம் ஓடும் ஊரில் நம் தலை பழக்கதோஷத்தில் தவறான பக்கம் திரும்பும். காதாவது திறந்திருக்க வேண்டாமா? மின்சாரக் கார்கள் வேறு. மெதுவாகப் போகும்போது அவை சத்தமே இல்லாமல் வருவதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய கார்களுக்கு எச்சரிக்கை ஒலி கட்டாயம், அதுவும் 20 கி.மீ. வேகம் வரைதான். அதையும் அடைத்துக்கொண்டு நடப்பானேன்? காதை மூடாத வகையைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குறைவு. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா கேட்கும், அதைவிட மிகத் தாழ்ந்து ஒலிக்கும் டபுள் பாஸ் காணாமல் போகும். சத்தமான சாலையில் ஒலியைக் கூட்டத் தோன்றும். அங்கே நிறுத்திவிடுவது நல்லது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நாள் முழுக்க நடக்கிறவருக்கு அது ஒரு காலை வேளையில் முடிந்துவிடும்.

சில ஊர்களில் இசையே வேண்டாம். வெனிஸின் பழைய நகரில் கார் கிடையாது. காலடிச் சத்தம், படகு, மணியோசை மூன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். அங்கே காதில் எதையாவது சொருகுவது வீண். இஸ்தான்புல்லில் படகுத்துறைப் பக்கமும் அப்படித்தான்: கப்பல் ஊதல், கடற்புறா, பாங்கோசை. எந்த ஊரானாலும் முதல் நாள் நான் எதையும் போடுவதில்லை. மாலை நேர நீண்ட நடைக்கு, ஓரளவு வழி பழகிய பிறகு, ஆல்பம் வெளியே வரும்.

இறக்கி வைப்பது பற்றி: 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு மணி நேர இசைக்குச் சுமார் 144 எம்.பி. ஆகும். ரோமிங்கில் அதைச் செலவழிக்காமல், கிளம்பும் முன் வைஃபையிலேயே முடித்துவிடலாம். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டுகள் நீடிக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். நீண்ட பயணம் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். ஷஃபிளை அணைத்து வையுங்கள். வரிசை கலைந்தால், எந்தத் தெருவுக்கு எந்தப் பாட்டு என்பதும் கலைந்துவிடும்.