தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க குழாயில் ஓட்டை: எங்கள் அனுபவம்

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன் (2007இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, எனக்குத்தான் இன்னும் வாயில் வரவில்லை). ஆற்றிலிருந்து ஆலைக்கு வரும் 6 அங்குல இரும்புக் குழாயிலிருந்து புது லயத்துக்கு 3 அங்குலக் கிளை எடுக்க வேண்டியிருந்தது. தண்ணீரை மூடினால் பாய்லர் நிற்கும், பாய்லர் நின்றால் குலை அவிக்க ஆவி இல்லை, வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் அவிக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், அதுவும் லோரிகள் வாசல்வரை வரிசை கட்டி நிற்கிற மாதம். ஆகவே ஹாட் டேப்பிங், அதாவது தண்ணீரை நிறுத்தாமலே குழாயில் ஓட்டை போட்டுக் கிளை எடுக்கும் வேலை, செய்யும் குத்தகையாளர் ஒருவரைக் கூப்பிட்டோம்.

வந்ததே மூன்று மணி நேரம் தாமதம். அதைவிட எரிச்சல், குழாயின் தடிமன் அளக்கும் கருவியே கையில் இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கும் அண்ணே" என்றான் ஒரு பையன். நான் விடவில்லை. துரு தின்ற இடத்தில் வெல்டிங் வைத்தால் குழாய் பொத்துக்கொள்ளும். பசியாறப் போனவர்கள் கருவியோடு திரும்பினார்கள். அளந்தால், நாங்கள் சாக்கட்டியால் குறித்த இடத்திலேயே அடிப்பக்கம் தேய்ந்து கிடந்தது! ஓர் அடி தள்ளி வைத்தோம்.

அப்புறம் நடந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். வெல்டர் வயதானவர், பம்ப்பை நிறுத்தவும் கூடாது, முழு வேகத்தில் விடவும் கூடாது என்றார். தண்ணீர் ஓடினால்தான் சூட்டை வாரிக்கொண்டு போகும், ரொம்ப ஓடினால் வெல்டிங் சட்டென ஆறி விரிசல் விடுமாம். இரண்டு பாதியாக வரும் T வடிவ இணைப்பைக் குழாயைச் சுற்றிப் பற்றவைத்து, வால்வு பூட்டி, அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் வெட்டும் இயந்திரத்தை ஏற்றினார்கள். வெட்டுப்பட்ட துண்டு தண்ணீரோடு போய் எங்காவது அடைக்குமோ என்று எனக்குப் பயம், ஆனால் நடு ட்ரில்லில் இருக்கும் கம்பி உள்ளே போனதும் மடங்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கை அகலத்தில், பொரித்த அப்பளம் போல் வளைந்து, உள்பக்கம் துருக் கட்டி வந்த அந்தத் துண்டு இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

மூன்றாம் நாள் வால்வுக்கு வெளியே மூடித் தகட்டில் தண்ணீர் சொட்டியது, பழைய கேஸ்கெட்டை (இடுக்கில் கசியாமல் வைக்கும் அடைப்பு) போட்டிருக்கிறார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை. வால்வை மூடிவிட்டு நாங்களே மாற்றினோம்.

மறுபடி கூப்பிடுவேனா? தண்ணீர்க் குழாய்க்கு, அந்த வெல்டர் வந்தால், சரி. ஆவிக் குழாய்ப் பக்கம் மட்டும் இவர்களை விடமாட்டேன்.