ஏற்காட்டில் வீடு: வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் ஊரில் ஒரு வீட்டை முடித்துவிடலாம் என்று ஓடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஓடித்தான் நாங்கள் 14 லட்சம் ரூபாயை விட்டோம்.

கத்தாரில் எனக்கு வேலை உறுதியானது நவம்பரில். ஜனவரி கடைசியில் டிக்கெட். அதற்குள் அப்பா அம்மாவைச் சொந்த வீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சேலம் குகையில் 22 வருடம் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள். அம்மாவின் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பத்து வயதுவரை அம்மா வளர்ந்தது அங்கேதான். மலையில் ஒரு ஓட்டு வீடும் வாசலில் நாலு ஆரஞ்சு மரமும் போதும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.

தெரிந்தவர் மூலம் ஒரு தரகர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே "தம்பி எப்பக் கிளம்பறீங்க?" என்பதுதான். நானும் தேதியைச் சொன்னேன். அதன் பிறகு எதைக் கேட்டாலும் "அதுக்கெல்லாம் உங்களுக்கு நாள் இல்லையே தம்பி" என்ற பதில்தான் வந்தது.

மார்கழிக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தோம். இரண்டு அறை ஓட்டு வீடு, சுற்றி 40 சென்ட். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. வாசலில் தார்ப்பாய் விரித்துக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் வெறுங்காலோடு அதைத் துழாவிக்கொண்டிருந்தார். "தோட்டத்தைப் பார்த்துக்கறவரு" என்றார் தரகர். பெரியவரின் மனைவி எங்களுக்குக் கடுங்காப்பி கொடுத்தார். டம்ளரைத் திருப்பி வாங்கும்போது அம்மாவிடம், "எத்தனை வருசத்துக்குங்கம்மா?" என்று கேட்டார். நான் எத்தனை வருடத்துக்கு வெளிநாடு போகிறேன் என்று கேட்பதாக அம்மா நினைத்துக்கொண்டார். "அஞ்சு வருசம்" என்றார். அந்தம்மா தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கேள்வியை அங்கேயே திருப்பிக் கேட்டிருந்தால் எங்கள் பணம் பிழைத்திருக்கும்.

தரகர் கொடுத்த காகிதங்கள்: பட்டா நகல், வாரிசுச் சான்று, ஒரு பவர் (சொத்தை விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று. வில்லங்கத்தில் ஒரு பதிவுகூட இல்லை. எவ்வளவு சுத்தமான சொத்து என்று நான் மகிழ்ந்துபோனேன். சொத்து முதலில் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டும் தாய்ப்பத்திரம் எங்கே என்று அப்பா கேட்டார். "மலையில பட்டாதாங்க அய்யா பத்திரம்" என்றார் தரகர். விலை 38 லட்சம். நோட்டரி முன்னால் 100 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டோம். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நான் அப்பா பெயருக்குப் பவர் அனுப்பினால் போதும் என்றார். 9 லட்சம் வங்கி வழியாகவும் 5 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தோம். அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம்.

மீதிக்கு தோகாவிலிருந்து வீட்டுக் கடன் கேட்டேன். மார்ச்சில் வங்கி வழக்கறிஞர் கோப்பைத் திருப்பிவிட்டு, எனக்கே போன் செய்து விளக்கினார். அந்த மனிதருக்கு நான் என்றும் நன்றி சொல்வேன். முதல் விஷயம், நான் இப்போது வெளிநாடுவாழ் இந்தியன். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் நான் விலைக்கு வாங்க முடியாது. இந்தியாவில் குடியிருக்கும்போதே வாங்கியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். விமானம் ஏறிய பிறகு கிரயம் செய்ய வழியில்லை. "நீங்க போய்ச் சேருங்க, அப்புறம் பதிவு" என்ற யோசனையே சட்டப்படி நடக்காத ஒன்று.

இரண்டாவதுதான் பெரிய இடி. தாலுகா அலுவலகக் கோப்பைப் பார்த்தால், அது பெரியவரின் அப்பாவுக்கு அரசு ஒப்படைத்த நிலம். வெளியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை அந்த உத்தரவிலேயே இருக்கிறது. மலைவாழ் மக்களான அவர்களுக்கு அரசு கொடுத்த நிலத்தை யாரும் விற்றதில்லை, அடமானம் வைத்ததில்லை. அதனால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் எதைப் பார்த்து மகிழ்ந்தேனோ அதுவேதான் சந்தேகப்பட வேண்டிய இடம். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். ஒப்படைப்பு நிபந்தனை அதில் தெரியாது.

ஏப்ரலில் அப்பா தனியாகப் பஸ் ஏறி மலைக்குப் போனார். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியதும் பெரியவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். வீட்டை ஐந்து வருடக் குத்தகைக்கு விடுவதாகச் சொல்லித்தான் தரகர் அவரிடம் கைரேகை வாங்கியிருக்கிறார். இரண்டு மாதம் எட்டாயிரம் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "அஞ்சு வருசம்னுதானே அம்மாவும் சொன்னாங்க" என்று அந்தம்மா அழுதிருக்கிறார். அப்பாவைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று களி கிளறிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு வார்த்தை தப்பாக எழுதக் கூடாது என்று அப்பா அன்றிரவு போனில் என்னிடம் உறுதியாகச் சொன்னார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விற்பனை ஒப்பந்தமும், சொத்தை விற்பதற்கான பவரும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கட்டாயம் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பட்டாவையும், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். பட்டா மட்டும் இருந்து தாய்ப்பத்திரம் இல்லையென்றால், அந்தப் பட்டா எப்படி வந்தது என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருவது. நாங்கள் பார்த்த வீட்டுக்கு அந்த விதிகளின்படி வாங்க வேண்டிய ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதியும் கிடையாது. மனை அங்கீகாரம், கட்டட அனுமதி இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வங்கிக் கடன் தேவையில்லை என்றாலும் நீங்களே ஒரு வழக்கறிஞரை வைத்துக் கருத்துரை வாங்கிவிடுங்கள். தரகர் கூட்டி வரும் வழக்கறிஞர் வேண்டாம்.

ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 முதல் வருமான வரிச் சட்டப்படி தவறு. அந்த 5 லட்சத்துக்கு எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. தரகர் இப்போது அப்படி ஒரு பணம் வாங்கவே இல்லை என்கிறார்.

பட்டாவில் பெயர் உள்ளவர் யாரோ அவரிடம், தரகர் இல்லாதபோது போய்ப் பேசுங்கள். கிளம்பும் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். அதற்குள் முடியாவிட்டால் அப்பா அம்மா இன்னும் ஒரு வருடம் வாடகை வீட்டில் இருக்கட்டும்.

மாவட்டக் காவல் அலுவலகத்தில் உள்ள நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் அப்பா மனு கொடுத்திருக்கிறார். பெரியவரும் மலையிலிருந்து இறங்கி வந்து தன் பங்குக்கு ஒரு மனு கொடுத்தார். இதுவரை திரும்பி வந்தது 2 லட்சம். விசாரணையின்போதுதான் தெரிந்தது, இதே வீட்டைக் காட்டி ஈரோட்டுக் குடும்பம் ஒன்றிடமும் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். காப்பித் தோட்டத்துக்குள் ஓட்டு வீடு, வில்லங்கத்தில் ஒன்றுமில்லை, பட்டாதான் பத்திரம் என்று யாராவது உங்களிடமும் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், வங்கிக் கணக்கு விவரத்தையும் ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பிரிவுக்குப் போய் மனு கொடுங்கள்.