சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் பார்க்க: காந்தமா, ஈர்ப்பா?

யாழ்ப்பாணத்தில் எங்கே கிணறு வெட்டினாலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்தான். வன்னியில் வெளியே தெரிகிற பழைய படிகப் பாறை இங்கே அதற்கும் வெகு கீழே புதைந்து கிடக்கிறது. அதன் மேடு பள்ளம் அறிய சுன்னாகம்–புத்தூர் வீதி நெடுகக் காந்தமானி, ஈர்ப்புமானி இரண்டோடும் திரிந்தோம். ஒன்றைத்தான் தொடரலாம் என்று வந்தபோது நான் ஈர்ப்பைத் தேர்ந்தேன்.

காந்த அளவை மலிவு, வேகம். சுண்ணாம்புக்கல்லுக்குக் காந்தத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். தெரியும் மாற்றம் பெரும்பாலும் அடிப்பாறையுடையது. தகர வேலியும் கிணற்றடிக் குழாயும் வாசிப்பைக் கெடுக்கும். விலகி நின்றால் சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதது வேறு. புவியின் காந்தப்புலம் கிடையாகப் போகும் கோடான காந்த நடுக்கோடு நமக்கு அருகில் போகிறது. புலம் இங்கே ஏறக்குறையக் கிடையாக வடக்கு நோக்கியே ஓடுகிறது. கிழக்கு மேற்காக நீண்ட பாறை நன்றாகத் தெரியும். வடக்கு தெற்காக நீண்டதென்றால் புலம் அதன் நீளவாக்கிலேயே ஓடிவிடும். இரு முனைகளில்தான் சலனம், நடுவில் குறுக்கே நடந்தால் கோடு தட்டையாகவே கிடக்கும். வன்னிப் பாறைகளோ பெரும்பாலும் வடக்கு, வடகிழக்குப் போக்கில் கிடப்பவை. நாம் தேடுவதையே மறைக்கிற கருவி!

ஈர்ப்புக்குத் திசை பேதமில்லை, அடர்த்தி மட்டுமே கணக்கு. மலையில்லாத ஊர் என்பதால் நிலமேட்டுத் திருத்தமும் பெரிதாக வேண்டாம். காற்றுக்காலத்தில் பனையடியில் வைத்தால் முள் நடுங்கும், அவ்வளவுதான். வேலியோரம் நின்ற ஓர் ஐயா கேட்டார்: "தம்பி, தண்ணி கிடக்கிற இடம் இதிலை தெரியுமோ?" "இல்லை ஐயா, கீழை கிடக்கிற கல்லின்ரை பாரம்தான் தெரியும்" என்றேன்.

விலை கொடுக்க வேண்டிய இடம் மட்டம், அதாவது ஒவ்வொரு நிலையத்தின் உயரத்தையும் அளப்பது. உயரத்தில் ஒரு மீற்றர் பிழைத்தால் ஈர்ப்பு ஏறத்தாழ 0.2 மில்லிகல் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) பிழைக்கும். ஒரு நிலையத்தின் உயரத்தை ஒரு மீற்றர் கூட்டி எழுதிவிட்டோம். வரைபில் அழகான பாறைமுகடு எழுந்தது. மறுநாள் காலை திரும்ப மட்டம் எடுத்ததும் முகடு மறைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிலையத்தையும் இருமுறை மட்டம் பார்க்கிறோம். வேலையில் பாதி நேரம் இதற்கே போகிறது, போகட்டும். நிலாவரைப் பக்கம் கல்லுக்குள் இருக்கும் குகைகளும் சிறு பள்ளங்களாகக் காட்டும். அவை அகலம் குறைந்தவை, அடிப்பாறையின் அகன்ற வளைவிலிருந்து பெரும்பாலும் பிரித்தெடுக்கலாம்.

வானூர்தியில் பறந்து பெரிய பரப்பை அளப்பதென்றால் காந்தம் முந்தலாம். அதில் நான் கைவைத்ததில்லை. காலால் நடந்து, கிழக்கு மேற்காகக் கோடு போட்டு அளப்பவர் ஈர்ப்புமானிக்கு முன்னே நல்ல மட்டமானிக்கும் அதைப் பொறுமையாகப் பிடிக்கும் ஆளுக்கும் ஏற்பாடு செய்யவேண்டும்.