பழைய ஃபாரோவா, சீசர் 3-ஆ, புது ஃபாரோவா?

ஊர் கட்டி ஆளும் இந்த மூன்று கம்ப்யூட்டர் கேம்களையும் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றி மாற்றி ஆடிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்த நாட்களில் வேலை பாதிகூட இருக்காது. கடைசியில் என் லேப்டாப்பில் தங்கியது 1999-இல் வந்த பழைய ஃபாரோ. 1998-இன் சீசர் 3 இப்போது போனில் மட்டும் இருக்கிறது. 2023-இல் வந்த 'ஃபாரோ: எ நியூ எரா' அக்கா மகனோடு போய்விட்டது, அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: பழைய இரண்டும் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் செய்து சியரா வெளியிட்டவை. ஒன்று ரோம், ஒன்று நைல், அடிப்படை ஒன்றுதான். சாலை போடு, வீடு கட்டு, தண்ணீர், சாப்பாடு, கோயில் கொடு, வீடு தானாக வளரும். புதியது டிரிஸ்கெல் செய்து டோட்டெமு வெளியிட்டது, பழைய ஃபாரோவை அப்படியே மறுபடி வரைந்தது. படத்தில் புதியதுதான் அழகு, அதில் மறுபேச்சே இல்லை. பழையதில் திரை அளவு அதிகபட்சம் 1024x768-தான், அகலத் திரைக்கு ரசிகர்கள் செய்த திருத்தக் கோப்பு (பேட்ச்) இருக்கிறது. ஆனால் உப்புக்காத்து குடித்த என் லேப்டாப்பில் புதியதைத் திறந்தால் ஃபேன் கத்துகிறது, சாயங்காலம் கரண்ட் போனால் பேட்டரியும் நிற்பதில்லை. பழையவை இரண்டும் சத்தமே இல்லாமல் ஓடுகின்றன.

சரி, இதெல்லாம் சில்லறை விஷயம். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வைத்தது ஒரே ஒரு பொருள்தான்: சாலைத் தடுப்பு.

இந்த கேம்களில் வீட்டுக்குச் சேவை கொண்டுபோவது தெருவில் நடக்கிற ஆள்தான். சந்தைக்காரி, தீயணைப்பவன், பூசாரி, எல்லோரும் தங்கள் கட்டடத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்று நடந்து திரும்புவார்கள், அவர்கள் கடந்துபோன வீட்டுக்குத்தான் பொருள் கிடைக்கும். முச்சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்லவே முடியாது. சீசர் 3-இல் நன்றாக வளர்ந்த ஒரு தெரு இருக்கும், சந்தைக்காரி ஐந்தாறு முறை ஒழுங்காக வந்திருப்பாள், ஏழாவது முறை களிமண் குழி இருக்கிற பக்கம் திரும்பி ஆளில்லாத ரோட்டில் நடந்துவிட்டு வருவாள். அதற்குள் தெருவில் பானை தீர்ந்து, எண்ணெய் தீர்ந்து, வீடுகள் ஒரு படி இறங்கும். இறங்கிய வீட்டில் கொள்ளளவு குறைவு, மிச்சப் பேர் ஊரைவிட்டு வெளியேறுவார்கள், ஆள் குறைந்ததால் தீயணைப்பு நிலையத்தில் ஆளில்லை, அப்புறம் எங்கோ புகை. ஒரு பெண் தப்பாகத் திரும்பியதில் இவ்வளவும். இதற்கு அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி, ஊருக்குள்ளேயே கோட்டை வாசலைக் கட்டிவைப்பது, சுற்றித் திரிகிற ஆட்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். வேலை செய்யும், ஆனால் குடியிருப்பு நடுவே வரிசையாகக் கோட்டை வாசல் நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

ஃபாரோ செய்த காரியம், சாலையின் மேலேயே வைக்கிற ஒரு சின்னத் தடுப்பைக் கொடுத்தது. சும்மா சுற்றுகிறவர் அதோடு திரும்பிவிடுவார். போகுமிடம் தெரிந்து போகிறவர், அதாவது தானியக் களஞ்சியத்துக்கு வாங்கப் போகும் பஜார்க்காரி, வண்டி தள்ளுகிறவர், இவர்களெல்லாம் தாராளமாகத் தாண்டுவார்கள். ஆகவே நடுவில் சந்திப்பே இல்லாத ஒரு வட்டச் சாலை, அதைச் சுற்றி வீடு, வெளியே போகும் ஒரே வழியில் ஒரு தடுப்பு. இவ்வளவு போதும், அந்தத் தெரு வருஷக்கணக்கில் இறங்காது. பராமரிப்பு என்ற தலைவலியே பெரும்பாலும் போய்விடும், கவனம் முழுக்க பிரமிடின் மேல் வைக்கலாம். பிரமிடு சும்மா வந்துவிடாது. செங்கல்லுக்குக் களிமண்ணும் வைக்கோலும் வேண்டும், கல்லைச் சறுக்குவண்டியில் கட்டி ஆட்கள் இழுத்து வர வேண்டும், ஆட்ட வருஷங்கள் பல ஓடும். ஊர் நடுவே தெரு சரிந்துகொண்டிருந்தால் அதெல்லாம் நடக்காது.

புது ஃபாரோவில் இந்தத் தடுப்பு இன்னும் ஒரு படி மேல். யாரை விடலாம், யாரை நிறுத்தலாம் என்று தனித்தனியாக டிக் போடலாம். வேலைக்கு ஆள் தேடி ஒருவர் வீடு வீடாக நடக்க வேண்டும் என்ற பழைய விதியையும் அணைத்துவிடலாம், ஊருக்குப் பொதுவாக ஒரே தொழிலாளர் கணக்கு. அக்கா மகன், "மாமா, டிக் போட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் நீங்க நாள்பூரா ரோடு வரையிறீங்க" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வசதி என்று பார்த்தால் புதியதுதான் முன்னால். எனக்கோ அந்த ரோடு வரைவதுதான் ஆட்டமே. பழைய தடுப்பு ஆள் பார்க்காது, சும்மா சுற்றுகிற எல்லோரையும் நிறுத்தும். அதனால் மருத்துவர், பூசாரி, நீதிமன்றம் எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்குகிற மாதிரி இடம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கல் குவாரி தூரத்தில் இருந்தால் அதன் பக்கத்தில் நாலு குடிசையாவது போட்டால்தான் ஆள் கிடைக்கும். அந்த யோசனையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அழகான படம். போதாததற்குப் புதியதில் படையை நம் கையால் நகர்த்த முடியாது, சண்டை தானாகக் கணக்குப் போட்டு முடிந்துவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அது முழுக்க என் ஊர்ப்பாசம். சீசர் 3-இல் கோதுமை வயலுக்குத் தண்ணீர் கவலையே கிடையாது, சீரிஸ் சாமி கோபித்தால் ஒழிய விளைச்சல் வரும். ஃபாரோவில் வருஷம் ஒருமுறை நைல் ஏறி வயலை மூடும், அதற்கு முன் அறுப்பை முடித்திருக்க வேண்டும், வெள்ளம் நன்றாக வந்தால் மண்ணுக்குச் சத்து, மோசமாக வந்தால் அடுத்த வருஷம் பஞ்சம். இங்கே புழுதி விதைப்பு விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்ப்பதும், கண்மாய் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவதும் தெரிந்தவனுக்கு அதைப் புரிந்துகொள்ள ஹெல்ப் பக்கம் தேவையில்லை. வெள்ளம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு செய்தி வரும், அதைப் படிக்கும்போது எனக்கு இன்னமும் படபடப்புதான். வயல் தண்ணீரில் கிடக்கிற மாதங்களில் வேலை முகாமின் ஆட்கள் பிரமிடுக்குப் போவார்கள் என்பதும் அருமையான ஏற்பாடு.

சீசர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நமக்கும் ரோமுக்கும் சம்பந்தம் என்றால் வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன, கப்பல் கீறிய பானை ஓடுகூடக் கிடைத்தது. அந்த ஊரைத் தாண்டிப் போகிறவனுக்கு சீசரில் துறைமுகம் கட்டும்போது தனி உற்சாகம் வரத்தான் செய்யும். அப்புறம், 'அகஸ்டஸ்' என்று ரசிகர்கள் திறந்த மூலத்தில் செய்து வைத்திருக்கிற இலவச இன்ஜின், அதாவது சீசர் 3-ஐ ஓட்டுகிற மென்பொருள், ஒன்று இருக்கிறது. அசல் சீசர் 3-இன் கோப்புகள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாலைத் தடுப்பு அதில் வந்துவிட்டது, பெரிய திரை, ஜூம், எல்லாம் உண்டு, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். மேலே நான் திட்டியது அகஸ்டஸ் இல்லாத சீசரைத்தான். போனில் நான் ஆடியது கொஞ்சம்தான், விரலால் சாலை போடுவது கண்ணைப் படுத்துகிறது, டேப்லெட் இருக்கிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். லேப்டாப்பே இல்லை என்பவர்களுக்கு இதுதான் வழி.

கிளியோபாட்ரா கூடுதல் பகுதியை நான் பாதியில் நிறுத்திவிட்டேன், அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணைய கேம் கடைகள் இரண்டிலும் பழைய ஃபாரோ அந்தப் பகுதியோடு சேர்த்தே விற்கிறது, விலையும் குறைவு, சிடி காலத்து கேம் என்பதால் மொபைல் டேட்டாவிலேயே இறக்கிவிடலாம். புதியதை வாங்குவதாக இருந்தால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், நல்ல மெஷின் இருந்தால் மட்டும்.