எக்ஸ்பெடிஷன் யாட்டா, வேக யாட்டா?

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஹோட்டல் வேலை பழகிய தம்பிமார் இரண்டு பேர் யாட்டில், அதாவது சொகுசுப் படகில், குக் வேலைக்கு முயற்சி செய்கிறார்கள். எந்த வகைப் படகு நல்லது என்று என்னைக் கேட்டார்கள்.

வேகம்: எக்ஸ்பெடிஷன் யாட் (நெடுந்தூரக் கடல் பயணத்துக்கான படகு) மணிக்கு 10, 12 கடல் மைல்தான். வேக யாட் 25ஐயும் தாண்டும்.

தூரம்: வேக யாட் டீசலை மடமடவென்று குடித்துவிட்டு அடிக்கடி துறைமுகம் தேடும். மற்றது பெரும்பாலும் இரும்பு உடம்பு, பெரிய டாங்கி. காலித் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் போய், எண்ணெய் அடிக்காமலே திரும்பிவிடும்.

ஆட்டம்: இதுதான் முக்கியம். எக்ஸ்பெடிஷன் யாட்டின் உருண்டை அடிப்பாகம் அலையில் பக்கவாட்டில் உருளும். அதை அடக்க நீருக்கடியில் மீன் செட்டை மாதிரி இரண்டு தகடுகள் அசைந்துகொண்டே இருக்கும். அப்படியும் அடுப்பைச் சுற்றிக் கம்பி போட்டிருப்பார்கள், சட்டி நழுவாமல். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவர் நன்றாக யோசிக்கவும்.

சாமான்: எக்ஸ்பெடிஷனில் வாரக்கணக்குக்கு ஃப்ரீசர், கடல் நீரைக் குடிநீராக்கும் மெஷின். வேக யாட்டில் கரைக்குப் போய் மரக்கறி வாங்கலாம்.

படுக்கை: இரண்டிலும் அனேகமாக ஓர் அறைக்கு இருவர், மேல் கீழ்க் கட்டில். தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் (சிறிய வரிசை வீட்டில்) வளர்ந்தவனுக்கு இடம் பிரச்சினை இல்லை. ஜன்னல் திறக்க முடியாததுதான் மூச்சு முட்டும்.

சரி, காசு சேர்க்க வேண்டுமா? எக்ஸ்பெடிஷன். நடுக்கடலில் செலவழிக்கக் கடை ஏது? அடிக்கடி கரையில் கால் வைக்க வேண்டுமென்றால் வேக யாட்.