கென்யப் பள்ளிகளில் எச்.ஐ.வி. பாடம்: 'விலகி இரு' என்பதா, 'யாரிடம் ஆபத்து அதிகம்' என்பதா?

மேற்கு கென்யாவின் தொடக்கப்பள்ளிகளில் இரண்டு முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து அரசுப் பாடத்திட்டத்தை நடத்துவது. திருமணம் வரை உடலுறவு வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். மற்றது, 2004இல் எட்டாம் வகுப்புக்கு நடந்த சுமார் 40 நிமிடப் பேச்சு. ஒரு குறும்படம் காட்டிவிட்டு, அருகிலுள்ள கிசுமு நகரில் எந்த வயது ஆண், பெண்ணுக்கு எவ்வளவு தொற்று என்ற எண்களைச் சொன்னார்கள்.

பாதுகாப்பற்ற உறவைப் பற்றிப் பிள்ளைகளிடம் நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. அதனால் இதை ஆராய்ந்த பொருளாதார வல்லுநர் பாஸ்கலின் டுபாஸ் பதின்வயதுக் கர்ப்பங்களை அளவுகோலாக்கினார். முதல் முறையில் அவை குறையவில்லை. இரண்டாவதில் 28 சதவீதம் குறைந்தன. வயதில் மூத்த ஆண்களால் ஏற்பட்டவை இன்னும் அதிகமாகக் குறைந்தன.

ஒரு நோய் எவ்வளவு கொடியது, அது தனக்கு வர எவ்வளவு வாய்ப்பு என்று ஒருவர் நம்புவதைப் பொறுத்தே அவர் நடந்துகொள்வார் என்கிற உடல்நல நம்பிக்கை மாதிரி இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. எய்ட்ஸ் கொடியது என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். சம வயதுப் பையனைவிட, பணம் வைத்திருக்கும் முப்பது வயதுக்காரரிடம் ஆபத்து அதிகம் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

சரி, தெரிந்தும் விலக முடியாத பெண்? திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இங்கே கைகொடுக்கும். 'என்னால் முடியும்' என்ற உணர்வையும் அது கணக்கில் எடுக்கிறது. பள்ளிக் கட்டணத்தையே அந்த ஆள்தான் கட்டுகிறார் என்றால் எண்கள் என்ன செய்யும்? மலாவியின் சோம்பாவில் மாணவிகளுக்கும் குடும்பத்துக்கும் மாதப் பணம் கொடுத்தபோது, 18 மாதங்களுக்குப் பிறகு அவர்களிடம் எச்.ஐ.வி. தொற்று 1.2 சதவீதம், பணம் பெறாதவர்களிடம் 3 சதவீதம். ஆனால் தென்னாப்பிரிக்காவில் இதுபோன்ற திட்டம் புதிய தொற்றைக் குறைக்கவில்லை. அங்கே பெரும்பாலான மாணவிகள் ஏற்கெனவே ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.